இடது இடுப்பு

எல்லாக் கூடுகளுக்கும் இடது இடுப்புதான் முதலில் தேயும்.

கோரமுனை உப்பளத்தின் பழுதுக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வடிவு கவனித்துவந்த விஷயம் இது. கணுக்காலில் துருப்பிடிக்கும், முழங்கால் மூட்டில் உப்பேறிக் கிறீச்சிடும், முதுகு வார் அறுந்துபோகும். அதெல்லாம் எப்போதாவது நடப்பது. இடது இடுப்பு மோட்டாரின் பேரிங் மட்டும் தவறாமல் தேய்ந்து கடகடக்கும். அதே கூட்டின் வலது இடுப்பைத் திறந்தால் நேற்று மாட்டியது போலிருக்கும்.

தாங்குகூடு என்பது கம்பெனி வைத்த பெயர். ஆட்களுக்கு அது வெறும் கூடு. காலோடும் இடுப்போடும் முதுகோடும் வார் போட்டு இறுக்கிக்கொள்ளும் இரும்பு எலும்பு. மூட்டுக்கு மூட்டு மோட்டார். உப்பளத்து வரப்பில் லாரி போகாது, சக்கரம் வைத்த எதுவும் புதைந்துவிடும். அந்த வழுக்கும் வரப்பில் கூடு மாட்டியவன் நூறு கிலோ மூட்டையோடு கைவீசிப் போகிறவன் மாதிரி போவான். நடை அவனுடையது இல்லை. கூட்டுக்குள்ளேயே ஒரு நடை இருக்கிறது. மாட்டியவன் அதற்கு உடம்பைக் கொடுத்தால் போதும். அதனால் கூடு மாட்டிய ஆண்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி நடந்தார்கள். இடது இடுப்பு கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். வலது பாதம் கொஞ்சம் திரும்பியிருக்கும். அவ்வப்போது நடுவில் ஒரு சின்ன எக்கு.

அதற்குச் சுடலை நடை என்று பெயர். வடிவின் அப்பா சுடலைக்கண்ணுவின் பெயர்தான். நடையைப் பதிவுசெய்ய உடம்பு முழுக்க உணரிகள் தைத்த சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அவர் நிற்கிற படம் கொட்டகை வாசலில் தொங்கியது. கூட்டுக்கு நடை கற்றுக்கொடுத்த ஆள்.

அன்றைக்கு வடிவின் அண்ணன் இசக்கிராஜ் கூட்டைக் கழற்றி மேசையில் போட்டான்.

“ஏட்டி, மறுபடியும் இடுப்பு கடகடங்குது.”

“இடதுதான?”

“பின்ன வலதா?”

“ஏண்ணே, இது ஏன் இந்தப் பக்கம் மட்டும் தள்ளுது? நீ கூடு இல்லாம நடக்கையில இப்படி நடக்கலையே.”

“அது ஆம்பள நடைட்டி. அப்பா நடை. சிங்கம் அப்படித்தான் நடக்கும்.”

“சிங்கத்துக்கு இடுப்புல சுளுக்கா?”

கூட வந்த சுமைக்காரர்கள் சிரித்தார்கள். இசக்கிராஜ் சிரிக்கவில்லை. “கேள்வி கேக்கதுக்கா சம்பளம்? மாட்டிக் குடு. துறைமுகத்துல கப்பல் நிக்கி.”

வடிவு மாட்டிக் கொடுத்தாள். ஆனால் கேள்வி போகவில்லை.

*

பெண்களுக்கும் கூடு உண்டு. ரோஸ் கலர். மூட்டை கட்டும் கொட்டகையில் வேலை செய்கிற பெண்களுக்குக் கம்பெனி கொடுத்தது. அதே மோட்டார், அதே இரும்பு, உள்ளே அதே நடை. ஆனால் இருபது கிலோவைத் தாண்டினால் முழங்கால் பூட்டிக்கொள்ளும். உடனே உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொல்லும்: “அம்மா, எடை அதிகம். உதவிக்கு ஆண் பணியாளரை அழைக்கவும்.”

கூடு வருவதற்கு முன்னால் அங்கே ஆண்கள் பாத்தியில் உப்பு வாரினார்கள். பெண்கள் அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து மலைபோல் குவிந்த அம்பாரத்தில் கொட்டினார்கள். உச்சந்தலை வழுக்கை விழும்வரை சுமந்தார்கள். பாரம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று அப்போது யாரும் பேசவில்லை. தலைச்சுமையாக இருந்தவரை அது பெண் வேலை. மோட்டார் வந்து பாரம் குறைந்து கூலி ஏறியதும் ஆண் வேலையாகிவிட்டது. பெண்களை நிழலில் உட்கார வைத்து மூட்டை தைக்கச் சொன்னார்கள். நிழல் நல்லதுதான். கூலி பாதி.

இப்போது அந்த நிழலும் போகப்போகிறது. மூட்டையைத் தானே தைத்துக் கட்டும் இயந்திரம் பெட்டி பிரிக்காமல் வந்து இறங்கியிருந்தது. மாதம் முடிந்ததும் கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்கள் சார்பில் அந்தோணியாள் மேனேஜர் பிரபாகரிடம் போய்க் கேட்டாள்: “எங்க கூட்டையும் பூட்டுத் தொறந்து விடுங்க. நாங்களும் மூட்டை சுமக்கோம்.” மேனேஜர் வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார். சுமைக்காரர் சங்கம் அதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டது: கூடாது. சங்கத்தில் அதிகம் சத்தம் போட்டவன் இசக்கிராஜ்.

வடிவின் அம்மா பேச்சிக்கனியும் அந்தக் கொட்டகையில்தான் மூட்டை தைத்தாள். அப்பாவுக்கு முழங்கால் போய் வருடக்கணக்காகிவிட்டது. அம்மா கூலி நின்றால் வடிவின் சொற்பச் சம்பளம் போதாது, வீடு இசக்கிராஜ் கையைப் பார்த்து நிற்க வேண்டும். அடுத்தபடியாக வடிவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு தொடங்கும். அது வடிவுக்கு நன்றாகத் தெரியும்.

*

கூடுகளைச் சோதிக்க ஷமீமா வந்திருந்தாள். கூட்டைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர். காயல்பட்டினத்துக்காரி, கோயம்புத்தூரில் வேலை. சோதனைக்கு வருகிற நாட்களில் வடிவுதான் அவளுக்கு உதவி.

“எக்கா, ஒண்ணு கேக்கட்டா? இடது இடுப்பு ஏன் தேயுது?”

ஷமீமா கையிலிருந்த திருப்புளியை வைத்தாள். “நானும் கேட்டிருக்கேன். அடிப்படை நடையிலேயே அந்தச் சாய்வு இருக்கு. நாலஞ்சு பேருக்குச் சட்டை குடுத்து ஒரு சீசன் பூரா நடக்கவிட்டுப் பதிவு பண்ணாங்க. அதுல ஒரே ஒருத்தர் பதிவுல மட்டும்தான் ஒரு தடவைகூட வழுக்கல. உங்கப்பா. அதனால அந்த நடையையே எடுத்துட்டாங்க.”

“சாய்வ மட்டும் எடுத்துட்டா?”

“எடுத்துப் பாத்தோம். மூட்டையோட விழுந்துச்சு. அதனால விட்டுட்டோம். வேலை செய்யுதுல்ல, ஏன்னு யாரு கேக்கப்போறா?”

“நான் கேக்கேன்.”

ஷமீமா சிரித்துக்கொண்டே திரையை வடிவின் பக்கம் திருப்பினாள். வெறும் புள்ளிகள், புள்ளிகளை இணைக்கிற கோடுகள். முகம் இல்லை, உடம்பு இல்லை. இடுப்பிலிருந்து கீழே இரண்டு கால்கள் மட்டும் நடந்தன.

“இடுப்புக்கு மேல எங்கக்கா?”

“கூட்டுக்குக் கை கிடையாதே. அதனால கைப் பதிவு தேவைப்படல. அப்படியே கிடக்கு.”

“சட்டைல கை இருந்துச்சுல்லா? அந்தக் கை என்ன செஞ்சுது?”

ஷமீமா தேட ஆரம்பித்தாள். பழைய பதிவு. திறக்க நேரமெடுத்தது. வடிவு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

திரையில் முழு உருவம் நடந்தது. வலது கை மேலே போய்த் தலைக்கு மேல் எதையோ பிடித்திருந்தது. இடது கை வளைந்து இடுப்பை ஒட்டி எதையோ அணைத்திருந்தது. கொஞ்சதூரம் போனதும் உருவம் நிற்காமலேயே இடது இடுப்பை ஒரு எக்கு எக்கியது. கை அந்த ஏதோ ஒன்றை மேலே ஏற்றிக்கொண்டது. மறுபடி நடந்தது.

“தண்ணிக் குடம் ஏதாவது…?” என்றாள் ஷமீமா. “அந்தப் பதிவுல பாதத்து எடைகூட கணக்குக்கு மேல காட்டுச்சு. உப்பு ஈரமா இருந்திருக்கும்னு நினைச்சுட்டாங்க.”

உப்பளத்தில் யாருக்கும் யார் முகமும் தெரியாது. வெயில் உப்பில் பட்டுக் கண்ணில் அடிக்கும். எதிர் வரப்பில் வருகிறவர்கள் கறுப்புக் கோடாகத்தான் தெரிவார்கள். நடையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். சின்ன வயதில், கூடு வருவதற்கு முன்னால், சோற்று வாளியோடு வரப்பு முனையில் நின்று, வருகிற கோடுகளில் தன் கோடு எது என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். வலது பாதம் கொஞ்சம் திரும்பியிருக்கும். கால் ஆணி வந்த பாதம்.

“எக்கா, இது எங்கப்பா இல்ல.”

“சட்டை அவர் பேருலதானே இருக்கு?”

“பேரு அவியளோடதுதான். நடக்கது எங்கம்மா.” அவள் திரையில் அந்த வளைந்த கையைத் தொட்டாள். “அப்புறம், இது குடம் இல்லக்கா. குடத்த யாரும் தட்டிக் குடுக்க மாட்டாங்க. பாருங்க, கை தட்டுது.”

கை தட்டியது. மெதுவாக, தாளமாக.

*

வீட்டில் அம்மா சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டியிருந்தார்.

“எம்மா, அந்தக் கம்பெனிச் சட்டைய யாரு போட்டா?”

“எந்தச் சட்ட?”

“போட்டோல அப்பா போட்டிருக்கது.”

“நாந்தான் போட்டேன். என்னத்துக்கு?” அம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரகசியம் எதையும் சொல்கிற முகம் இல்லை அது.

“நீயா? அப்ப அப்பா?”

“சுமக்கவுக போடணும்னு சொல்லிக் குடுத்தாவ. அவிய வாருனாவ, நான் சுமந்தேன். பின்ன யாரு போடணும்? ஜோடி வேலைக்கு ஆம்பள பேருதான எழுதுவான். கடசில போட்டோ எடுக்க வந்த அன்னைக்கு ஆள வரச் சொன்னான். அவிய போய் நின்னாவ.”

“இத நீ யாருகிட்டயும் சொல்லலயா?”

“யாரு கேட்டா?”

கட்டில் கயிறு கிரீச்சென்றது. அப்பா புரண்டு படுத்திருக்க வேண்டும்.

“வெள்ளிக்கிழமை கூட்டத்துல இத நீ சொல்லணும்மா. உன் நடைய வச்சுக்கிட்டுத்தான் பொம்பளைக்கு ஆகாதுன்னு சொல்லுதாங்க.”

அம்மாவின் கை நின்றது. “வீட்டுல சொல்லுதது வேற, கொட்டகைல சொல்லுதது வேற. அத்தன பேருக்கு முன்னால எந்திச்சு நின்னு, இவிய இல்ல நான்னு சொல்லவா? அவிய மொகத்த நான் எங்க கொண்டு வைக்க?”

வாசலில் நின்ற இசக்கிராஜ் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். “இந்தா, இதத்தான் சொல்லுதேன். கழுதைக்கு மிசின் தொடச் சொல்லிக் குடுத்தா குடும்பத்தயே கழட்டிப் பாக்கும். அப்பா பேர அழிக்கதுக்குன்னே பொறந்தியா?”

“நான் யாரு பேரையும் அழிக்கல. அம்மா பேரு எங்கன்னு கேக்கேன்.”

“பொம்பளைக்குப் பேரு வீட்டுல இருந்தா போதும்.”

“அப்ப உன் பேரையும் வீட்டுலயே வச்சிட்டுப் போ. சங்கத்துல எதுக்கு அத்தன சத்தமாச் சொல்லுத?”

“ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க,” என்றாள் அம்மா. பிறகு வடிவிடம் மட்டும், தணிந்த குரலில்: “எம் பேர நீ அங்க சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு.”

வடிவுக்கு வேறு வழி தெரியவில்லை. சத்தியம் பண்ணினாள்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மூட்டை கட்டும் கொட்டகையில் கூட்டம். முன்னால் சுமைக்காரர்கள், பாதிப் பேர் கூட்டைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் தரையில் பெண்கள். சுடலைக்கண்ணுவுக்கு மட்டும் நாற்காலி. நடை கற்றுக்கொடுத்தவர் என்று எப்போதும் போடுகிற நாற்காலி.

மேனேஜர் பிரபாகர் நல்லபடியாகத்தான் பேசினார். “எனக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்க. உங்க உடம்பு மேல அக்கறையிலதான் சொல்றேன்.”

“அவிய என்ன சுமக்காவ சார்?” என்றாள் அந்தோணியாள்.

“அவங்க… வீட்டுல இருக்காங்க.”

“அப்ப அவியகிட்ட அக்கறையா இருங்க. எங்ககிட்ட வேலைய மட்டும் குடுங்க.”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. இசக்கிராஜ் எழுந்தான். “இங்க பாருங்க, கேலி வேண்டாம். கூடு ஆம்பள நடைக்குச் செஞ்சது. பொம்பள ஏறினா வரப்புல விழுவா. அப்புறம் யாரு தூக்கிட்டு ஓடுதது? நாங்கதான்.”

மேனேஜர் தலையசைத்தார். “அதேதான். பதிவு பண்ணிச் சோதிக்காத உடம்புக்கு இருபது கிலோவுக்கு மேல கொடுக்கக் கூடாது. நான் சொல்லல, விதி சொல்லுது. அதுல கையெழுத்துப் போட்டதே நான்தான்.”

வடிவு எழுந்து நின்றாள். அங்கே எழுந்து நின்று பேசிய பெண்ணை அவள் பார்த்ததில்லை. அந்தோணியாள்கூட உட்கார்ந்தபடிதான் பேசினாள். “சார், அப்ப சோதிச்ச உடம்புன்னா குடுக்கலாமா?”

“தாராளமா.”

“மாத்திப் பேச மாட்டீங்கள்ல?”

“விதிய யாரும்மா மாத்த முடியும்?”

“அப்ப எல்லாரும் இதக் கொஞ்சம் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே சொல்லுங்க, இது யாரு நடை?”

ஷமீமா சுவரில் திரையைப் போட்டாள். புள்ளிகளும் கோடுகளுமாக உருவம் நடந்தது.

“சுடலை அண்ணாச்சி,” என்றது முன்வரிசை, ஒரே குரலில். கூட்டிலிருந்த ஒருவன் கைதட்டினான்.

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, “ஏ, கொஞ்சம் இருட்டி,” என்றாள். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வரப்பில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, முன்னால் போகிறவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்து கிழண்டவர்கள்.

“ஏ, அது நம்ம பேச்சிக்கனில்லா!”

“ஆமாட்டி! அந்த ஆணிக்காலப் பாரு.”

“இடுப்புல பிள்ள வேற.”

“யாரு பிள்ள? வடிவா?”

“வடிவு ஏது அப்ப? அந்த வருசம் கைப்பிள்ள இசக்கிராஜுல்லா! தொட்டில்ல போட்டா ஊரக் கூட்டுவானே. வேற ஆளு தூக்கினா கடிப்பான்.”

கூடு மாட்டிய ஆண்கள் குனிந்து தங்கள் இடது இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. இசக்கிராஜ் நின்றுகொண்டிருந்தான், கூடு அவன் இடுப்பைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்திருந்தது. அவன் அதை உள்ளே இழுக்கப் பார்த்தான். கூடு விடவில்லை. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டே சிரித்தார்கள்.

“புள்ளிய வச்சு எதையும் வரையலாம்!” என்று இசக்கிராஜ் கத்தினான். “எங்கப்பா இங்கதான் இருக்காவ. கேளுங்க!”

மேனேஜர் நாற்காலியின் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்களே சொல்லிடுங்க.”

சுடலைக்கண்ணு வாயைத் திறந்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“அவியகிட்ட என்னத்துக்குக் கேக்கிய?”

பேச்சிக்கனி எழுந்து நின்றிருந்தாள்.

“நடந்தவ நானு. எங்கிட்டயில்லா கேக்கணும்? சட்டைய நாந்தான் போட்டேன். அவிய வாருனாவ, நான் சுமந்தேன். அதுல அவியளுக்கு ஒரு கொறையும் இல்ல. நீங்கதான் வந்து, சுமக்கது யாருன்னு பாக்காம, பேரு யாருதுன்னு பாத்துட்டுப் போனிய.”

அவள் சுமைக்காரர்கள் பக்கம் திரும்பி இசக்கிராஜைக் கைகாட்டினாள்.

“ஏன் நான் வழுக்கலன்னு ஒருத்தரும் கேக்கல. இப்ப கேளுங்க. உப்பு விழுந்தா அள்ளிக்கிடலாம். இடுப்புல இவன் இருந்தான். வழுக்கவா முடியும்? ஒவ்வொரு எட்டையும் எண்ணி வச்சேன். இத்தன நாளா அந்த எட்டுலதான் நீங்க எல்லாரும் நடக்கிய. பொம்பள விழுவான்னு அதுல நின்னுக்கிட்டே சொல்லுதிய.”

சுடலைக்கண்ணு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஆமா சார். அவ சொல்லுததுதான். நான் போட்டோவுக்கு நின்னேன், அவ்வளவுதான்.”

“எங்க வீட்டுச் சட்டையையும் நாந்தான் போட்டேன்,” என்றாள் அந்தோணியாள். இந்தத் தடவை எழுந்து நின்று சொன்னாள்.

“எங்க வீட்டுலயும்.”

“எங்க அண்ணன் வீட்டுல மயினிதான் போட்டா, பாவம், இப்ப இல்ல.”

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “சரி, சரி. பழைய கதை. இத மேலிடத்துல பேசி…”

“சார்,” என்றாள் ஷமீமா. “இப்ப ஒரு சிக்கல் இருக்கு. பதிவுகள்ல உடம்பு ஆண்னு இருக்கு. அது தப்புன்னு தெரிஞ்சிட்டா நான் திருத்தணும். அது என் வேலை.”

“திருத்துங்க. அதனால என்ன?”

“திருத்தினா மொத்தத்துல ஒரு ஆணோட பதிவுகூட மிஞ்சாது.”

அப்போதும் அவருக்குப் புரியவில்லை.

*

சனிக்கிழமை காலை இசக்கிராஜ் கூட்டை மாட்டிக்கொண்டு முதல் மூட்டைக்குக் குனிந்தான். தோளில் ஏறியதும் முழங்கால் பூட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து தேன் ஒழுகும் குரல் சொன்னது:

“அம்மா, எடை அதிகம். உதவிக்கு ஆண் பணியாளரை அழைக்கவும்.”

அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு கூடு அதையே சொன்னது. வரப்பு நெடுக ஒவ்வொன்றாகச் சொன்னது. உப்பளம் முழுக்க அந்தக் குரலாகக் கேட்டது. ஆண்கள் மூட்டையோடு அப்படியே நட்டுவைத்த மாதிரி நின்றார்கள். பெண்கள் ஓடிப்போய் மூட்டைகளை இறக்கிவிட்டார்கள், அந்தோணியாள் ஒவ்வொருவனிடமும், “கூப்பிட்டியாய்யா? வந்துட்டேன்,” என்றாள்.

பிரபாகர் பழுதுக் கொட்டகைக்கு ஓடிவந்தார். “எதுக்கும்மா பூட்டினீங்க?”

“நான் பூட்டல சார்,” என்றாள் ஷமீமா. “பெண்ணுன்னு திருத்தினேன். மீதிய விதி பண்ணிருச்சு. சோதிக்காத உடம்புக்கு இருபது கிலோ. உங்க கையெழுத்து.”

“கப்பல் நிக்குதும்மா!”

“பெண்கள் கூடு எல்லாம் திறந்திருக்கு சார். அவங்க உடம்புதான் சோதிச்ச உடம்பு.”

வடிவு அதற்குள் ஒரு ரோஸ் கூட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மூட்டை தோளில் ஏறியது. குரல் வரவில்லை. வரப்பில் காலை வைத்ததும் கூடு அவளுடைய இடது இடுப்பை வெளியே தள்ளியது. எத்தனையோ முறை கழற்றி மாட்டிய இடம். உள்ளேயிருந்து இப்போதுதான் தெரிந்தது. கூட்டுக்குக் கை இல்லை. ஆனாலும் அவளுடைய இடது கை தானாக வளைந்து இடுப்புக்கு வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்சதூரம் போனதும் அந்த எக்கு வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனைத் தூக்கி மேலே ஏற்றிக்கொள்கிறாள்.

அன்று கப்பலுக்குப் போன உப்பைப் பெண்கள் சுமந்தார்கள். திங்கள்கிழமை மேலிடத்திலிருந்து ஆணை வந்தது: ஆண்களைச் சோதித்து முடிக்கும்வரை தற்காலிகமாக எல்லோர் பூட்டையும் திறக்கலாம். தற்காலிகம் என்றால் எவ்வளவு நாள் என்று யாரும் எழுதவில்லை. பெண்களுக்குச் சுமைக்கூலி உண்டு, சங்கத்தில் இடம் கிடையாது. அதற்கு அந்தோணியாள் தினமும் சங்க வாசலில் போய்ச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள், உட்காருவதில்லை. கொட்டகை வாசலில் இருந்த படத்தைச் சுடலைக்கண்ணுவே வந்து கழற்றிக்கொண்டு போனார். அந்த இடத்தில் அம்மா படத்தை மாட்டலாம் என்று ஷமீமா கேட்டதற்கு, “வெயில்ல என்னத்துக்கு? வெளுத்துப்போகும்,” என்றாள் பேச்சிக்கனி. அங்கே இப்போது ஆணி மட்டும் இருக்கிறது.

வீட்டில் இசக்கிராஜ் யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டான், போனான், வந்தான். அப்படியே ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒருநாள் மத்தியானம், அம்பாரத்து நிழலில் அம்மாவும் வடிவும் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருக்கையில், கூட்டைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு அவன் வந்து உட்கார்ந்தான். அம்மா அவனுக்கும் சோறு போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

“எம்மா.”

“ம்.”

“நான் அப்ப ரொம்ப கனமா இருந்தேனா?”

அம்மா பின்னால் வெள்ளையாக உயர்ந்து நின்ற அம்பாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“உப்பு என்னலே கனம்? இங்க கொண்டாந்து கொட்டினா எறங்கிரும். நீ எங்க எறங்குன?”

அவன் சோற்றைத் தின்று முடித்தான், கையைக் கழுவினான். போய்க் கூட்டை மாட்டிக்கொண்டான். வரப்பில் ஏறியதும் அவனுடைய இடது இடுப்பு வெளியே போயிற்று.

இந்தத் தடவை அவன் அதை உள்ளே இழுக்கவில்லை.